இடது பின் மூலை

அடை தொடங்கிய எட்டாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கூட்டுப்பெட்டியின் மூடியை ஒரு விரல் அகலம் தூக்கிப் பார்த்த சின்னு, தோளில் இருந்த பையைக் கீழே இறக்கினாள். நான்கு முட்டைகளில் ஒன்று போன வாரமே உடைந்திருந்தது. இப்போது இன்னொன்று. ஓட்டில் மயிரிழை போலத்தான் விரிசல். ஆனால் உள்ளே இருந்தது கசிந்து, காய்ந்து, பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சம் இரண்டு.

மூடியை மெதுவாக இறக்கிவிட்டு நோட்டை எடுத்தாள். தேதி, மணி, அறையின் வெப்பம், எந்த முட்டை, எங்கே கிடந்தது. நின்றபடியே எழுதியதால் கடைசி வரி கோணிக்கொண்டு போனது. கூண்டின் மேல் கம்பியில் விசில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டை வைத்த சிறு கிளி இனமான காக்கட்டீலில் ஆண், மஞ்சள் முகம், சிவந்த கன்னம். பெட்டிக்குள் சாம்பலி இருந்தாள். காலையில் அவள் எழுந்து வந்ததும் இவன் உள்ளே போய் உட்காருவான். பகல் அவனுக்கு, இரவு அவளுக்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாம்பலி நான்கு வருடமாகச் சின்னுவின் பறவை. பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று துணைக்கு விசிலை வாங்கி வந்தது சின்னுதான். துணை வந்தது, முட்டையும் வந்தது. முதல் தடவை ஐந்து முட்டைகள். இரண்டு கருவே பிடிக்கவில்லை, மூன்று உடைந்தன. இரண்டாம் தடவை நான்கு. அத்தனையும் உடைந்தன. இடையில் கடையில் விற்கும் பிளாஸ்டிக் முட்டைகளை வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள். சாம்பலி ஒரே நாளில் கண்டுபிடித்து அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சொந்தமாக ஒன்றை இட்டாள். அதுதான் இந்த மூன்றாம் தடவை.

பறவை டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. போன வாரம் முதல் முட்டை உடைந்ததும் போனில் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா. முட்டை உடைஞ்சா, போச்சுன்னு விட மாட்டா. உடனே அடுத்தது போடுவா. ஒடம்புல இருக்கற சுண்ணாம்பெல்லாம் ஏற்கெனவே ஓட்டுக்கே போயிடுச்சு. இன்னொரு தடவ போட்டான்னா முட்டை வெளிய வராம உள்ளயே சிக்கிக்கும். அப்புறம் நீ என்கிட்ட தூக்கிட்டு ஓடி வந்தும் பிரயோஜனம் இல்ல."

"முட்டையே போடாம பண்ண முடியாதா டாக்டர்?"

"இப்போ அடையில உக்காந்துட்டா. இத முழுசா முடிக்கட்டும். ஒரு குஞ்சு பொரிஞ்சாலும் போதும், ஊட்டுற வேலையில முட்டை நெனப்பு போயிடும். குஞ்சு தானா தின்ன ஆரம்பிச்சதும் பெட்டிய எடுத்துட்டு ரெண்டையும் பிரிச்சு வை. அதுவரைக்கும் இருக்கறத உடையாம பாத்துக்க."

உடையாமல் பார்த்துக்கொள்ள அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். ஒருவேளை அப்படிப் பார்ப்பதுதான் தவறோ என்ற எண்ணம் அவளை விடவில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் பறவை மிரண்டு மிதிக்கிறதோ? அறையில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதே, அதன் அதிர்வோ? காற்று வறண்டிருக்கிறதென்று பெட்டியை ஒட்டி ஈரப் பஞ்சுத் தட்டு வைத்தாளே, அதுவோ? சந்தேகங்களை எண் போட்டு எழுதியிருந்தாள். பதினோரு சந்தேகங்கள். எல்லாவற்றிலும் குற்றவாளி அவள்தான்.

கூட்டுப்பெட்டி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அது மாமா செய்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். இரண்டு தெரு தள்ளி அலமாரி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் செய்த கதவை மூடினால் நடுவில் காகிதம் நுழையாது என்று ஊரே சொல்லும். சின்னு அவர் வீட்டில்தான் மூன்று வருடமாக இருக்கிறாள். ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது. கேட்காமலே பெட்டி செய்து கொடுத்தார். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசி, "தடவிப் பாரு, கன்னம் மாதிரி இருக்கும்" என்று பெருமையாகக் கையில் கொடுத்தார். அதில் குறை இருக்கும் என்று நினைப்பதே அவளுக்கு உண்ட வீட்டுக்கு இரண்டகம் மாதிரி இருந்தது.

அன்று மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்கு ஓரம் தேய்ப்பது அவள் வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். எழுதியிருக்கிறாளே தவிர, அதை அவள் ஒருநாளும் சேர்த்து வாசித்ததில்லை.

முதல் தடவை, இரண்டாம் முட்டை: இடது பின் மூலை. நான்காம் முட்டை: இடது பின் மூலை. இரண்டாம் தடவை, முதல் முட்டை: இடது பின் மூலை. இன்று காலை எழுதிய கோணல் வரியிலும் அதே மூன்று சொற்கள். உடைந்த ஒன்பதில் ஏழு அங்கேதான்.

டப்பாவை மூடி ஒதுக்கி வைத்தாள். எதிரே மேசைக் கண்ணாடி மேல் தேய்த்து முடித்த வில்லை ஒன்று கிடந்தது. அவள் முழங்கை இடித்ததும் அது வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் நின்றது. இதற்காகத்தானே கடையில் எல்லாத் தட்டுகளிலும் துணி விரித்து வைக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அரை நாள் விடுப்புக் கேட்டாள்.

பட்டறையில் மாமா ஒரு இழுப்பறையை உள்ளே தள்ளி வெளியே இழுத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்கற விஷயம்னா உங்க அக்காகிட்ட சொல்லு. அவ என்னைக் கோவப்படுத்திப் பழகிட்டா."

"பெட்டிய பத்தி."

இழுப்பறை பாதியில் நின்றது. "பெட்டிக்கு என்ன?"

"உள்ள முட்டை உருளுது போல. ஒரு பக்கமாவே போய் முட்டுது."

"உருளாது. ரசமட்டம் வச்சுப் பாத்துத்தான் குடுத்தேன். குமிழி அப்படியே நடுவுல நின்னுச்சு."

"இங்க நின்னுச்சு மாமா. கூண்டுல தொங்கவிட்டா கொஞ்சம் சாயுது."

"அப்போ கொக்கியச் சரி பண்ணணும். பெட்டிய ஏன் சொல்ற?"

அவள் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். பஞ்சுக்குள் முதல் தடவையின் கரு பிடிக்காத முட்டை ஒன்று இருந்தது. மாமா அதே அளவில் இரண்டாவது பெட்டி ஒன்றைச் செய்து அலமாரித் தட்டில் வைத்திருந்தார். அதற்குள் முட்டையை வைத்து வெளிப்பக்கம் நகத்தால் லேசாகத் தட்டினாள். முட்டை உருண்டு வலது மூலையில் 'டக்' என்று இடித்தது. நடுவில் வைத்து மறுபடி தட்டினாள். இந்த முறை முன் மூலை.

மாமா முகம் மலர்ந்தது. "பாத்தியா! ஒரே பக்கம் போகல. அப்போ சாய்வு இல்ல."

"சாய்வு இல்ல மாமா. ஆனா நிக்கறதுக்கு இடமும் இல்லயே."

அவர் ரசமட்டத்தை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. முட்டையை வைத்துத் தட்டினார். உருண்டது. பெட்டியின் அடியில் உப்புத்தாள் துண்டை மடித்துச் செருகிவிட்டுத் தட்டினார். உருண்டது. நாலைந்து தடவை இப்படியே ஆனது. கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மரத்தூள் போட்டுத்தானே வச்ச?"

"போட்டேன். சாம்பலி காலால பறிச்சு எல்லாத்தையும் வெளிய தள்ளிடறா. அடியில வெறும் பலகைதான். அதுவும் வழவழன்னு இருக்கு, அவளுக்கே கால் நிக்கல. நுழையற ஓட்டையும் முட்டை போய் நிக்கற மூலைக்கு நேர் மேல. உள்ள காலை வச்சதும் சறுக்கி முட்டை மேலயே இறங்கறா." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "எனக்குத் தோணுறதுதான். தப்பாக்கூட இருக்கலாம். முட்டைக்கு மட்டம் வேணாம் மாமா, பள்ளம் வேணும்."

"பலகையில பள்ளம் விழுந்தா நான் அந்தப் பலகையவே தூக்கிப் போடறவன்."

"தெரியும்."

"அதுவும் சொரசொரன்னு?"

"ஆமா."

அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "மெழுகு வேற பூசினேன்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு எழுந்து மரத்துண்டுகளைக் கிளறினார்.

திட்டம் சின்னு போட்டாள். கனமான கட்டை ஒன்றில் உள்ளங்கை அளவு குழி தோண்டி, அதைப் பெட்டியின் மேல் வழியாக அடியில் இறக்கிவிட வேண்டும். குழி ஓட்டைக்கு நேர் கீழே வராமல் எதிர்ப்பக்கம் வர வேண்டும். பறவைகள் ஆள் மாறும் நேரம் நோட்டில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு விசில் வெளியே வருவான். சாம்பலி தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போக ஒன்பதிலிருந்து பதினோரு நிமிடம். அதற்குள் முட்டைகளை எடுத்து, கட்டையை இறக்கி, குழியில் மரத்தூள் தூவி, முட்டைகளைத் திரும்ப வைத்துவிட வேண்டும். நடுவில் பெட்டியை மாற்றினால் தாய் முட்டையைக் கைவிட்டுவிடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் பெட்டி அப்படியே இருக்கும், தரை மட்டும் மாறும்.

மறுநாள் சரியாக ஐந்து மூன்றுக்கு விசில் வெளியே வந்தான். சின்னு மூடியைத் திறந்து இரண்டு முட்டைகளையும் எடுத்து அக்கா பிடித்திருந்த கிண்ணத்தில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிய துணி அதில் இருந்தது. அக்கா சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள். வீட்டிலும் அதே குரல்தான்.

"யாரும் கத்தக் கூடாது. யாரும் ஓடக் கூடாது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாய மூடிக்கணும்."

"நீ பேசிட்டே இருக்கியே" என்றார் மாமா கட்டையை இறக்கியபடி.

கட்டை பாதிவரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

அவர் உள்ளங்கையால் அழுத்தினார். நகரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. கோணிக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், பெட்டியின் குறுக்கே மாட்டிக்கொண்டது.

"அளவு சரியா எடுத்தேனே! பட்டறையில மத்த பெட்டியில போட்டுப் பாத்தேன், சொத்துனு விழுந்துச்சு."

சின்னு பெட்டியின் ஓரத்தைத் தொட்டாள். பலகை சில்லென்று இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "மத்த பெட்டி காஞ்ச பெட்டி மாமா. இது பக்கத்துல நான் மூணு வாரமா ஈரப்பஞ்சு வச்சிருக்கேன். மரம் ஊதிப் போச்சு."

"ஒரு நூல் இடைவெளி விட்டிருந்தா…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். இடைவெளி விட்டு அவர் கை எதையும் வெட்டியதில்லை.

ஐந்து ஒன்பது. சாம்பலி தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தலை தூக்கிப் பெட்டியைப் பார்த்தாள். கொண்டை நெட்டுக்குத்தாக எழுந்தது. சுத்தியலால் தட்டினால் இரண்டும் மிரண்டு கூண்டில் மோதும். மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு நீளத் திருகாணியை எடுத்துக் கட்டையின் ஓரத்தில் முறுக்கினார். அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு மூலையில் இன்னொன்று. இரண்டையும் பிடித்து மாற்றி மாற்றி அசைத்து இழுத்தபோது கட்டை முனகிக்கொண்டு மேலே வந்தது. ஐந்து பதினாறு.

அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். இழைப்புளி ஓடும் சத்தம் கேட்டது.

"துணி சூடு ஆறிடுச்சு" என்றாள் அக்கா. அவள் குரல் இப்போது வகுப்புக் குரலாக இல்லை. "சின்னு, முட்டை ஆறுது. என்ன பண்ணணும்? சொல்லேன்டி!"

"தெரியல அக்கா."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முட்டைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் குவித்து, மூச்சை அதற்குள் விட்டாள். மறுபடி விட்டாள். சின்னு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டு கையில் இருந்தும் எதுவும் எழுதவில்லை.

மாமா வந்தார். கட்டை இறங்கியது. அடியில் போய் உட்கார்ந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. மரத்தூள், முட்டைகள், மூடி. ஐந்து இருபத்தாறு. இருபத்துமூன்று நிமிடம்.

மூவரும் கதவருகே தரையில் உட்கார்ந்தார்கள். சாம்பலி ஓட்டைவரை போனாள். தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். மேல் கம்பிக்குத் திரும்பிப் போய் இறகைக் கோதினாள்.

"பிடிக்கலயோ?" என்றார் மாமா தாழ்ந்த குரலில்.

"உங்க வேலைய முதல் தடவையா ஒருத்தி பிடிக்கலன்னு சொல்றா. நான் இருபது வருஷமாச் சொல்லத் தயங்கினேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, சொன்ன அக்காவுக்கும். சாம்பலி மறுபடி போனாள், மறுபடி வந்தாள். விசில் கீழே ஒன்றும் நடக்காததுபோலத் தினையைக் கொறித்துக்கொண்டிருந்தான். ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அவள் ஓட்டையில் கால் வைத்தாள். சறுக்கும் சத்தம் இல்லை. நகம் மரத்தைப் பற்றிப் பற்றி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெளியே வரவில்லை.

அன்றே அக்கா மூடியின் மேல் பசை நாடா ஒட்டினாள். "இதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். நோட்டையும் குடு."

"நோட்டு எதுக்கு?"

"பாக்கலன்னா எழுத ஒண்ணுமில்லையே. குடு."

பன்னிரண்டு நாள். முட்டைகள் உயிரோடு இருக்கின்றனவா, சாம்பலி வெறும் ஓட்டைக் காக்கிறாளா, ஒன்றும் தெரியாது. ஆறிய முட்டை எத்தனை நிமிடம் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "சிலது தாங்கும், சிலது தாங்காது" என்றார். கடையில் சின்னு ஒரு வில்லையை இடம் வலம் மாற்றித் தேய்த்துத் திட்டு வாங்கினாள். வீட்டில் பறவைகள் ஆள் மாறும் நேரங்களில் மட்டும் அறைக்குப் போய், சாம்பலி எவ்வளவு தின்கிறாள் என்று பார்த்தாள். நாலு தினை கொத்துவாள், சுண்ணாம்புச் சத்துக்காகக் கட்டியிருந்த கணவாய் மீன் ஓட்டை ஒரு தரம் அலகால் உரசுவாள், போய்விடுவாள். மார்பெலும்பு கூராகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. மாமா மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் "என்னாச்சு?" என்பார். "ஒண்ணும் ஆகல" என்பாள். பத்தொன்பதாம் நாள், இருபதாம் நாள் இரண்டும் அப்படியே போயின.

இருபத்தொன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே அறைக் கதவில் காதை வைத்தாள். துருப்பிடித்த கீல் ஒன்று அசைவதுபோல, மிகச் சன்னமாக ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வாயில் நுரையோடு ஓடிப்போய் மாமாவை எழுப்பினாள். அவர் வந்து கேட்டுவிட்டு, "கீலுக்கு எண்ணெய் விடணும்" என்றார். பிறகுதான் கதவு அசையவே இல்லை, சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்பது அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். நான்கு நாளாகியும் ஒரே குரல்தான். டாக்டர் போனில், "இனிமே தினமும் ஒரு தடவ பாக்கலாம், பயப்படாத" என்றார். அக்காவே நாடாவைப் பிரித்தாள்.

குழியின் நடுவில் மஞ்சள் பஞ்சு ஒட்டிய இளஞ்சிவப்புச் சதைத் துண்டு ஒன்று தலையைத் தூக்க முடியாமல் தூக்கி ஆடியது. கால்கள் இரண்டும் உடம்புக்கு அடியில் சரியாக மடங்கியிருந்தன. பக்கத்தில் இன்னொரு முட்டை. சின்னு கைப்பேசி விளக்கின் மேல் அதைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே பாதி வளர்ந்த நிழல் அசையாமல் கிடந்தது.

"அந்த இருபத்துமூணு நிமிஷம்" என்றாள். "நான் ஈரப்பஞ்சு வைக்காம இருந்திருந்தா கட்டை உடனே இறங்கியிருக்கும்."

"பஞ்சுக்கு என்ன தெரியும்? ஒரு நூல் தளர்வா வெட்டத் தெரியாத என்னைச் சொல்லு."

"இல்ல மாமா, நான்தான்…"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் அக்கா. "என் கைக்குச் சூடு பத்தலன்னு நான் சொன்னேனா? எனக்கும்தான் தோணுது. நாலு நாளாத் தோணுது."

தவறு யாருடையது என்று சொல்ல அந்த முட்டையில் ஒரு அடையாளமும் இல்லை. சின்னு டாக்டருக்கு போன் செய்து, செத்த முட்டையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"உடையாம இருக்கா? அப்போ எடுக்காத. குஞ்சுக்குத் தலை நிக்காது, சாஞ்சுக்க ஒண்ணு வேணும். பத்து நாள் இருக்கட்டும். தாய் எப்படி?"

சின்னு திரும்பிப் பார்த்தாள். சாம்பலி தீனிக் கிண்ணத்துக்குள் இரண்டு காலையும் வைத்து நின்று, அவித்து மசித்த கோழி முட்டையை வாய் நிறைய அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தாள். தொண்டைப்பை புடைத்து ஒரு பக்கம் தொங்கியது. கிண்ணம் பாதிக்குமேல் காலி.

"தின்னுட்டே இருக்கா டாக்டர். நிறுத்தவே மாட்டேங்கறா."

"நல்லது. அவள நிறுத்தாத. கிண்ணத்த ரொப்பிட்டே இரு."

சின்னு முட்டையைக் குழிக்குள் திரும்ப வைத்தாள். குஞ்சு தட்டுத் தடுமாறி அதன் மேல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. மூடியை இறக்கிவிட்டு, அவிப்பதற்கு இன்னொரு முட்டை எடுக்க அவள் சமையலறைக்குப் போனாள்.